முத்திரையைக் கடைசியில் படியுங்கள்: .455 வெப்லி தோட்டாவின் வரலாற்றை அறியும் முறை

பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ, ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரண் மூலையிலோ, பிரிட்டிஷ் படையில் வேலைபார்த்த ஒரு முன்னோர் விட்டுச்சென்ற தோல் பையிலோ, குட்டையும் தடிமனுமான ஒரு பித்தளைத் தோட்டா கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்ட எவரும் முதலில் செய்ய நினைப்பது, தலைகீழாகத் திருப்பி அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பதுதான். நான் அதையே கடைசி வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அடியிலுள்ள முத்திரையை முதலில் படித்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; உறையின் நீளத்தையும், குண்டின் வடிவத்தையும், உலோகத்தில் விழுந்திருக்கும் தழும்புகளையும் பார்ப்பதே இல்லை. ஆனால் ஒரு தோட்டாவின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1891 முதல் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகள் வரை பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் புழங்கிய .455 வெப்லி ரிவால்வர் தோட்டாதான் அது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே பெயரில் இருந்துகொண்டே ஆறு முறை உருமாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு வேதியியல் காரணமோ, ஒரு போரோ, ஓர் உலக உடன்பாடோ இருக்கிறது. பழைய தோட்டாக்களைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொடுவதற்கு முன்

கிடைத்த தோட்டா வெடிக்காத தோட்டாவாக இருந்தால், அது நூறாண்டு பழையதானாலும் உயிருள்ளதாகவே கருத வேண்டும். அடியிலுள்ள பிரைமரில், அதாவது பற்றவைக்கும் சிறு கிண்ணத்தில், ஊசி விழுந்த குழி தெரிகிறது என்பதால் அது செத்த தோட்டா ஆகிவிடாது. அடிபட்டும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே குழி இருக்கும். எடைபோட்டு அறிந்துவிடலாம் என்பதும் தவறான நம்பிக்கை. இந்தத் தோட்டாவின் குண்டு மட்டுமே 17 கிராமுக்கு மேல் இருக்கும். உள்ளிருக்கும் கார்டைட் மருந்து அரை கிராம்கூட இராது. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்து மருந்து இருக்கிறதா இல்லையா என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. குலுக்கிப் பார்ப்பது, சூடு காட்டுவது, துளையிடுவது, குறடால் குண்டைப் பிடுங்க முயல்வது ஆகிய எதையும் செய்யக் கூடாது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டுமல்லாமல் தோட்டா வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. தோட்டாவின் பாகங்களும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், தம் கையிலுள்ள வெற்று உறை அந்த விலக்குக்குள் வருமா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்வது நல்லதல்ல. ஆகவே, உயிருள்ள தோட்டா கண்ணில் பட்டால், கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களே பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பதும் வேண்டாம். மறதியாய் அந்தப் பையோடு விமான நிலையத்துக்குப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் இன்னும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இனி நான் அளவெடுப்பது பற்றிச் சொல்வதெல்லாம் அருங்காட்சியகங்களிலும், உரிமம் பெற்ற சேகரிப்புகளிலும், மருந்து நீக்கப்பட்டு உறுதிசெய்யப்பட்ட மாதிரிகளிலும் செய்யத்தக்கவை. மற்றவர்களுக்கு ஒரு நல்ல புகைப்படமே போதும்: தோட்டாவின் உயரத்துக்குச் சமமாக ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நெருங்கிப் போகாமல் சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால், அந்தப் படத்திலிருந்தே அரை மில்லிமீட்டர் பிசகுக்குள் அளந்துவிடலாம்.

துலக்காதீர்கள்

நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி, தோட்டாவுக்குச் சரியல்ல. பித்தளையின் மேல் படிந்திருக்கும் பழுப்பும் கருப்பும் அந்தப் பொருள் எங்கே, எப்படிக் கிடந்தது என்பதற்கான சாட்சிகள். புளியோ மெருகுப் பசையோ பட்டால் அந்தச் சாட்சி போவதோடு, ஆழமில்லாமல் பொறித்த முத்திரை எழுத்துகளும் மழுங்கிவிடும்.

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, யாரும் தொடாமலே பித்தளை உறைகளில் மெல்லிய வெடிப்புகள் விழுந்தன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். உண்மையான காரணம் 1921இல்தான் விளங்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தின் மேல் வேலைசெய்து பித்தளையைப் பிளந்திருந்தது. ஆகவே, பழைய உறையின் வாய்ப்பகுதியில் நீளவாக்கில் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டால் அதைச் சுட்டதால் வந்த சேதம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். மோசமான கிடங்கின் தழும்பாகவும் அது இருக்கலாம். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை இந்தப் பொருள்களின் அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஈயக் குண்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். அது ஈயத்தின் அரிப்பு, நஞ்சு. தொட நேர்ந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். புது மரப் பலகையால் செய்த மூடிய பெட்டியில் ஈயத்தை வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி அந்த வெள்ளைப் பூப்பை இன்னும் வளர்க்கும்.

அளவில் தொடங்குங்கள்

வெர்னியர் அளவியின் முனை உலோகமாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால் கீறல் விழாது. நான்கு அளவுகளை இந்த வரிசையில் எடுங்கள்: அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் குறுக்களவு, உறையின் நீளம், உறை வாயின் குறுக்களவு, வெளியே தெரியும் குண்டின் குறுக்களவு. .455 வெப்லியானால் விளிம்பு ஏறத்தாழ 13.6 மி.மீ., உறை வாய் 12.1 மி.மீ., குண்டு 11.5 மி.மீ. இருக்கும்.

பெயரிலுள்ள, அங்குலத்தைக் குறிக்கும் எண்ணை நம்பி ஏமாறுவது இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் படை உலோக உறையுள்ள ரிவால்வர் தோட்டாவுக்கு மாறியது 1868இல், .450 ஆடம்ஸ் தோட்டாவோடு. 1880களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு ரிவால்வருக்காக .476 வந்தது. அதன்பின் வந்தது .455. எண்களைப் பார்த்தால் ஏறி இறங்கிய மூன்று வேறு அளவுகள் போலத் தோன்றும். உண்மையில் இவை ஒரே குடும்பம். .455 தோட்டாவின் உறை வாயை அளந்தால் .476 அங்குலம்தான் வருகிறது. அக்காலத்து வெப்லி ரிவால்வர்கள் சிலவற்றின் மேலேயே .455/.476 என்று இரண்டு எண்களும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எண்ணை ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். உறை 17.5 மி.மீ. அளவில் குட்டையாக இருந்தால் ஆடம்ஸ். 22 மி.மீ. நீளமிருந்து குண்டு 12 மி.மீ. பருமன் இருந்தால் .476 என்ஃபீல்டு. அதே 22 மி.மீ. நீளத்தில் குண்டு 11.5 மி.மீ. என்றால் .455இன் முதல் வடிவமான மார்க் 1. உறை 19 மி.மீ. சொச்சமாகக் குறுகியிருந்தால் மார்க் 2 அல்லது அதற்குப் பிந்தியது.

இந்தக் குறுக்கத்தின் காரணம் மருந்து. மார்க் 1 தோட்டா 1891இல் வந்தபோது கரிமருந்தால் நிரப்பப்பட்டது. கரிமருந்து இடத்தை அடைக்கும், புகையும் கக்கும். 1889இல் ஃபிரெடரிக் ஆபெல், ஜேம்ஸ் டூவர் ஆகிய இருவரும் கார்டைட்டை உருவாக்கியிருந்தார்கள். நூல்போல இழுத்துச் செய்யப்படுவதால் அதற்கு அந்தப் பெயர். 1894இல் ரிவால்வர் தோட்டாவும் கார்டைட்டுக்கு மாறியது. சிறிதளவே போதுமான கார்டைட், கரிமருந்துக்காக அமைந்த பெரிய உறைக்குள் சீராக எரியவில்லை. எனவே 1897இல் உறையை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்தார்கள்; அதுவே மார்க் 2. ரிவால்வரின் அறைகள் பழைய நீளத்திலேயே இருந்ததால் குட்டைத் தோட்டாவைப் பழைய துப்பாக்கியிலும் போட முடிந்தது. உதகைக்குப் போகும் மலைரயில் பாதையில் குன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எழுந்த தொழிற்சாலையும் இந்த மருந்துக்காகவே நிறுவப்பட்டது. இன்றும் சுற்றுவட்டார மக்களுக்கு அது கார்டைட் ஃபேக்டரிதான்.

ஓர் எச்சரிக்கை. நீள உறை என்றாலே 1897க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிட முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் .455 கோல்ட் என்ற பெயரில் நீள உறையையே பின்னரும் பல ஆண்டுகள் செய்துவந்தார்கள். அளவு இரண்டு வாய்ப்புகளைக் காட்டுகிறது. எது சரி என்பதை முத்திரை சொல்லும். அந்த இடத்தில்தான் முத்திரைக்கு உண்மையான பயன் இருக்கிறது.

இன்னொரு போலித் தோற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்லி ஸ்காட் நிறுவனம் செய்து, 1912இல் பிரிட்டிஷ் கடற்படை ஏற்ற தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கும் .455 என்ற எண்ணிலேயே ஒரு தோட்டா உண்டு. அது வேறு தோட்டா. உறை 23.6 மி.மீ. நீளம், விளிம்பு உடலைவிடக் கொஞ்சமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விளிம்புக்கு மேல் சுற்றிவரும் பள்ளம் ஒன்று தெரியும். ரிவால்வர் தோட்டாவில் அந்தப் பள்ளம் இராது. 1930களில் படைக்கு வந்த .380 தோட்டாவோடும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். உறையின் நீளம் மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; ஆனால் .380இன் குண்டு 9.2 மி.மீ.தான்.

குண்டின் முகம்

எனக்கு இந்தத் தோட்டாவில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. பித்தளையையும் மருந்தையும் பொறியாளர்கள் முடிவுசெய்தார்கள். குண்டின் வடிவத்தை முடிவுசெய்தது, எந்த மனித உடலை எவ்வளவு சிதைக்கலாம் என்ற கேள்வி.

மார்க் 1, மார்க் 2 இரண்டின் குண்டும் 265 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 17.2 கிராம் எடையுள்ள, முனை உருண்ட ஈயக் குண்டு. பக்கவாட்டில் பார்த்தால் மழுங்கிய கூம்பு போலிருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் போகும் இது, கனமானது, மெதுவானது.

1890களில் பேரரசின் எல்லைப் போர்களிலிருந்து, புதிய சிறு குண்டுகள் எதிரியைத் துளைத்துப் போகின்றனவே தவிர நிறுத்தவில்லை என்ற முறையீடு எழுந்தது. 1895இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் படையெடுப்பின்போது .303 துப்பாக்கிக் குண்டைப் பற்றி எழுந்த முறையீடு அவற்றுள் பெரியது. அதற்கு விடையாகக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் நெவில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி முனை திறந்த குண்டை வடிவமைத்தார். அந்த ஊரின் பெயரே அத்தகைய குண்டுகளுக்கு உலகெங்கும் பெயராகிவிட்டது. அதே எண்ணத்தின் ரிவால்வர் வடிவம்தான் 1898இல் வந்த .455 மார்க் 3. 218 கிரெய்ன் எடையுள்ள ஈய உருளை. முன்னும் பின்னும் அரைக்கோளமாகக் குழிந்தது. உடலில் பட்டவுடன் முன்குழி விரிந்து குண்டு பரந்துவிடும். ‘ஆளை நிறுத்துவது’ என்ற பொருளிலேயே இதை ஆங்கிலத்தில் அழைத்தார்கள்.

1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாட்டில், மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற அறிவிப்பு கையெழுத்தானது. பிரிட்டனின் சார்பில் சர் ஜான் ஆர்டா அத்தகைய குண்டுகளுக்காக வாதாடினார். ‘நாகரிக’ நாடுகளின் படைவீரர்களுக்கு எதிராகத் தேவைப்படாதது, ‘காட்டுமிராண்டி’ என்று அவர்கள் அழைத்த மக்களுக்கு எதிராகத் தேவைப்படுகிறது என்பதே அந்த வாதத்தின் சாரம். அந்த மக்கள் யார் என்பது நமக்குத் தெரியாததல்ல. பிரிட்டன் அப்போது கையெழுத்திடவில்லை, 1907இல்தான் இணைந்தது. ஆயினும் மார்க் 3 தோட்டா 1900இலேயே படைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு, உருண்ட முனையுள்ள மார்க் 2 மறுபடி வழங்கப்பட்டது. ஆகவே படைக்கென்று செய்த மார்க் 3 ஒன்று உங்கள் முன் இருக்கிறதென்றால், அது மிகக் குறுகிய காலத்தின் பொருள். உறையின் வாய்க்கு மேல் கூம்பு இல்லாமல் குட்டையான உருளை தெரிந்து, மேலிருந்து பார்க்கையில் கிண்ணம் போன்ற குழி இருந்தால் அதுவே. அட்டவணையில் இதை எழுதும்போது வடிவத்தையும் ஆண்டையும் குறிப்பதோடு, எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதாமல் விடும் அட்டவணை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1912இல் வந்த மார்க் 4, குழியில்லாமல் முனை தட்டையாக வெட்டப்பட்ட 220 கிரெய்ன் உருளை. மார்க் 5 அதே வடிவம், ஈயக் கலவை மட்டும் சற்றுக் கடினமானது. 1914இல் போர் மூண்ட சில மாதங்களிலேயே விலக்கப்பட்டது. முதல் உலகப் போர் முழுவதையும் சுமந்தது பழைய மார்க் 2தான். 1915இல் ஏற்கப்பட்ட வெப்லி மார்க் 6 ரிவால்வருக்கும் அதுவே உணவு. இங்கே ஒரு குழப்பத்தை இப்போதே நீக்கிக்கொள்ளுங்கள்: துப்பாக்கிக்குத் தனி மார்க் வரிசை, தோட்டாவுக்குத் தனி மார்க் வரிசை. மார்க் 6 ரிவால்வருக்கும் மார்க் 6 தோட்டாவுக்கும் இடையே இருபதாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. மார்க் 6 தோட்டா 1939இல் வந்தது. எடை பழையபடி 265 கிரெய்ன், ஆனால் ஈயம் வெளியே தெரியாமல் கடின உலோகத் தகடு போர்த்திய குண்டு. ஹேக் அறிவிப்புக்கு ஐயமின்றி உட்பட வேண்டும் என்பதே இந்தப் போர்வைக்குக் காரணம். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம்: மற்றவற்றின் முனை மங்கிய சாம்பல் நிறம், இதன் முனை செம்பு நிறமாகவோ வெள்ளி நிறமாகவோ மின்னும்.

வெற்று உறையின் உள்ளே

குண்டு போன வெற்று உறை மட்டும் கிடைத்தால் வருந்த வேண்டாம். அதற்குள் பார்க்க ஒன்று இருக்கிறது. சிறு கைவிளக்கை வாயில் பிடித்து அடியை நோக்குங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்சர் முறைப் பிரைமர். நடுவில் சிறு மேடும், அதன் இருபுறமும் ஊசித்துளை போன்ற இரண்டு துளைகளும் இருந்தால் பெர்டன் முறை. பாக்சர் முறையைக் கண்டவர் லண்டனின் உல்லிச் படைக்கலக் கூடத்தின் பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரி எட்வர்டு பாக்சர். பெர்டன் முறையைக் கண்டவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டன். நடைமுறையிலோ அமெரிக்கத் தொழிற்சாலைகள் பாக்சரைப் பற்றிக்கொண்டன, பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் .455 போன்றவற்றில் பெர்டனைப் பற்றிக்கொண்டன. ஆகவே இரட்டைத் துளை கண்டால் பிரிட்டிஷ் உறை என்றும், ஒற்றைத் துளை கண்டால் அமெரிக்கா அல்லது அண்மைக்கால உறை என்றும் தற்காலிகமாக எழுதிவைத்து, முத்திரையோடு ஒப்பிடுங்கள்.

இனி முத்திரை

நேர்மேலே ஒளி விழுந்தால் எழுத்து மறையும். விளக்கைக் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பக்கத்தில் வைத்து, உறையை மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் ஊறி, எழுத்து எழுந்து நிற்கும். நான் ஒருமுறை அப்படிப் பார்த்த உறையில், பத்து மணிக்கு நேரே ஆர், இரண்டு மணிக்கு நேரே எல், இரண்டுக்கும் நடுவில் மூன்று கோடுகள் கூடும் அம்பு, கீழே ரோமன் எண்ணில் இரண்டு. அம்பின் இடது கால் மட்டும் தேய்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது அடிபட்ட கீறலாகத்தான் தெரிந்தது.

அகன்ற தலையுள்ள அந்த அம்பு பிரிட்டிஷ் அரசுடைமையின் அடையாளம். ஆர், எல் என்பவை உல்லிச்சில் இருந்த ராயல் லேபரட்டரி. கே என்ற ஒற்றை எழுத்து பர்மிங்காமின் கைனாக் நிறுவனம். ஈ என்பது லண்டனின் ஈலி சகோதரர்கள். இந்தியாவில் கிடைக்கும் பழைய ராணுவ உறைகளில் அடிக்கடி தென்படும் கே, எஃப் என்ற இணை, 1869இல் புணே அருகே தொடங்கிய கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையைக் குறிக்கும். எண்ணோடு இசட் என்ற எழுத்து ஒட்டியிருந்தால், உள்ளே நிரப்பியது கார்டைட் அல்ல, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்று பொருள்.

படையின் தோட்டாவில் பெரும்பாலும் .455 என்ற எண்ணே இராது; தயாரித்தவர், மார்க், சில வேளை ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், அவ்வளவுதான். மிகப் பழையவற்றில் ஆண்டும் இராது. பெயரையும் எண்ணையும் முழுதாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கடையில் விற்ற தோட்டா. யு.எம்.சி. என்றிருந்தால் கனெக்டிகட்டின் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் நிறுவனம். அது 1912இல் ரெமிங்டனோடு இணைந்த பிறகு இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும். ஐ.சி.ஐ. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த நிறுவனம் உருவான 1926க்கு முன் அந்த உறை செய்யப்பட்டிருக்க முடியாது. ஜி.எஃப்.எல். என்பது இத்தாலியின் ஃபியோக்கி. அது நம் காலத்தை ஒட்டிய தயாரிப்பு.

முத்திரையை முதலில் படித்தால் என்ன நேரும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அருங்காட்சியகத்தின் பேழையில், தட்டையில்லாத, முனை உருண்ட .455 தோட்டா ஒன்றின் குறிப்பு அட்டையில் 1911ஆம் ஆண்டு என்று எழுதியிருந்தார்கள். அடியில் இருந்தது ரோமன் எண்ணில் இரண்டு; இரண்டு நேர்கோடுகள். அதைப் பதினொன்று என்று படித்து, முன்னால் பத்தொன்பதைச் சேர்த்துவிட்டார்கள். உறையின் நீளத்தையும் குண்டின் முனையையும் முதலில் பார்த்து மார்க் 2 என்று உணர்ந்தவருக்கு அந்த இரண்டு கோடுகள் புதிதாக எதையும் சொல்லியிரா. முன்பே அறிந்ததை உறுதிசெய்திருக்கும்.

இன்னொன்று: முத்திரையிலுள்ள ஆண்டு உறை செய்யப்பட்ட ஆண்டு. அதில் மருந்தும் குண்டும் ஏறிய நாள் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை; சுட்ட நாள் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து இருக்கலாம்.

பொட்டலமும் பதிவும்

தோட்டாவோடு காகிதப் பொட்டலமோ அட்டைப் பெட்டியோ கிடைத்தால், அதில் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், மடிப்பை விரிக்காமல் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ராணுவ ரிவால்வர் தோட்டாக்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டப்பட்டவை. சீட்டில் மருந்தின் பெயரும் கட்டிய தேதியும் இருக்கக்கூடும், அவை உறையில் கிடைக்காத செய்திகள். ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது அந்தப் பொட்டலத்தின் தோட்டாதானா என்பதை மேலே சொன்ன அளவுகளால் ஒப்பிட்டபின்பே நம்புங்கள்.

பிரிட்டிஷ் போர் அமைச்சகம் தன் தளவாடங்களில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது என்ற விவரத்தோடு, மாற்றப் பட்டியல் என்ற பெயரில் தொடர்ந்து அச்சிட்டு வந்தது. மார்க் எண் உறுதியானதும், அந்தப் பட்டியலில் அதற்குரிய பத்தியைத் தேடி எடுத்து, உங்கள் அளவுகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அளவு ஒத்து வடிவம் ஒவ்வாவிட்டால், யாரோ பிற்காலத்தில் வேறு குண்டைச் செருகியிருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு.

பதிவேட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் பொருளே காட்டுவதை மட்டும் எழுதுங்கள்: விளிம்பு 13.6, உறை 19.5, ஈயக் குண்டு, முனை உருண்டது, பிரைமரில் குழி உண்டு, வாயில் நீளவாக்கில் வெடிப்பு ஒன்று, ஆர்–அம்பு–எல், ரோமன் இரண்டு. இரண்டாம் பத்தியில் நீங்கள் அதிலிருந்து கொண்ட முடிவை எழுதுங்கள்: .455 மார்க் 2, உல்லிச், 1897 அல்லது அதற்குப் பின். தாத்தா மெசபடோமியாவுக்குப் போனபோது கொண்டுசென்றது என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால், அதையும் விட்டுவிடாதீர்கள். யார் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார் என்ற குறிப்போடு மூன்றாவதாக, தனியாக எழுதுங்கள். அவர் சொன்னது உறையின் மேல் எங்கும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எங்கும் அது கிடைக்கவும் கிடைக்காது.